ஏடும் தாளும் மின்தாளும்

என் பெரியம்மாவுக்கு 78 வயது. கும்பகோணத்தில் மகனோடு இருக்கிறார். வார இதழ்த் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் செய்து அலமாரியில் அடுக்கிய தலைமுறை அது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் படிப்பதையே விட்டுவிட்டார். கண்புரை அறுவை முடிந்தும், கண்ணாடியை மாற்றியும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. “எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஓடுதுப்பா” என்பார். நாளிதழில் கொட்டை எழுத்துத் தலைப்புகளோடு சரி.

போன தீபாவளிக்கு அவருக்கு ஓர் இ-ரீடர் வாங்கிக்கொண்டு போனேன். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் அதில் ஏற்றி, எழுத்தளவை ஏறக்குறைய உச்சத்துக்கு வைத்துக் கொடுத்தேன். ஒரு திரைக்கு முப்பது நாற்பது சொல்தான் வந்தது. முதல் சிக்கல் நான் எதிர்பாராதது. அவர் தொட்டால் பக்கம் நகரவில்லை. வயதாகி உலர்ந்துபோன விரலைத் தொடுதிரை சட்டென்று கண்டுகொள்வதில்லை. இரண்டு மூன்று முறை தேய்த்துப் பார்த்தவர், பழக்கத்தில் விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு திரையைத் தள்ளினார். பக்கம் புரண்டது. அறுபது வருடம் தாள் புரட்டிய கைப்பழக்கம் அங்கேயும் உதவியது. நான்கு மாதத்தில் ஐந்து பாகங்களையும் முடித்துவிட்டுப் போன் செய்தார். “அடுத்தது சிவகாமியின் சபதம் இருக்கா பாரு.”

அதே வீட்டில் அவருடைய பேரன் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறான். பாடநூல்கள் எல்லாமே பிடிஎஃப்பாகச் செல்போனில் இருக்கின்றன. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாதத்துக்கு இரண்டு முறை ஜெராக்ஸ் கடைக்குப் போய், பாடங்களை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக்கொண்டு வருகிறான். “போன்ல படிச்சா மனசுல நிக்க மாட்டேங்குது சித்தப்பா” என்கிறான்.

மூத்தவர் மின்கருவிக்கும் இளையவன் தாளுக்கும் போயிருக்கிறார்கள். இருவரும் செய்தது சரி. ஆகவே, மின்னூலா அச்சு நூலா என்று பொதுவில் வைத்துக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. யார் படிக்கிறார், எதைப் படிக்கிறார், படித்து முடித்த பின் அந்த நூல் என்ன ஆகிறது என்று மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மூன்றாவதை நாம் அநேகமாகக் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

*

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மின்னூல் படிப்பதாகச் சொல்கிறவர்களில் எனக்குத் தெரிந்த பலரும் படிப்பது செல்போனில். அதில் கண் எரிகிறது, தூக்கம் கெடுகிறது, நடுவில் வாட்ஸ்அப் கூப்பிடுகிறது என்று சலித்துக்கொண்டு, மின்னூலே ஆகாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். செல்போன் வேறு, இ-ரீடர் வேறு.

செல்போன் திரை விளக்கைப் போல ஒளியை நம் கண்ணை நோக்கி வீசுகிறது. இ-ரீடரின் திரை தாளைப் போல, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அமெரிக்காவில் எம்ஐடி மீடியா லேபில் நடந்த ஆய்விலிருந்து 1997இல் உருவான இ-இங்க் நிறுவனத்தின் தொழில்நுட்பம் இது. தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் திரைக்குள் பரவியிருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் வெள்ளை மேலே வரும், அல்லது கறுப்பு மேலே வரும். வந்தது அங்கேயே நிற்கும். பக்கம் மாறும் நொடியில்தான் மின்சாரம் தேவை. பக்கம் அப்படியே நிற்பதற்குத் தேவையில்லை. ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுவது இதனால்தான். இப்போதைய கருவிகளில் இருட்டில் படிக்க விளக்கும் உண்டு. அந்த வெளிச்சம் ஓரத்திலிருந்து திரையின் மேல் படர்கிறது.

இத்திரையோடு 2004இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே வந்தது. 2007 நவம்பர் 19 அன்று 399 டாலர் விலையில் அமேசானின் கிண்டில் வந்து, ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. அந்தக் கருவியில் தமிழ் படிக்க முடியாது. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக வந்தது 2016 டிசம்பரில், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்ந்து.

தூக்கம் கெடுமா என்பதற்கும் இந்த வேறுபாடே பதில் சொல்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 12 பேரைத் தூக்க ஆய்வகத்தில் தங்கவைத்து, சில இரவுகள் ஒளிரும் கருவியிலும் சில இரவுகள் அச்சு நூலிலும் படிக்கச் சொன்னார்கள். கருவியில் படித்த இரவுகளில் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாயிற்று. மெலடோனின் சுரப்பும் குறைந்தது. அந்தக் கருவி ஐபேட். வெளிச்சம் முழு அளவில் இருந்தது. இதை வைத்து இ-இங்க் கருவியின்மேல் பழி போடுவது நியாயமில்லை.

மனதில் நிற்பது பற்றிய ஆய்வுகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேரனின் புகார் அதுதான். ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் சேர்ந்து 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. அவற்றில் 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றிருந்தார்கள். தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் படித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தபோது வித்தியாசம் கூடியது. தகவல் சார்ந்த எழுத்தில் வித்தியாசம் இருந்தது. கதை மட்டும் படித்தபோது அது தென்படவில்லை. என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இன்னொரு முடிவு. திரைக்குப் பழகிய தலைமுறை வளர வளர இந்த இடைவெளி குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆய்வு நடந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது கூடியிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பையன் ஜெராக்ஸ் கடைக்குப் போவதில் அறிவு இருக்கிறது.

சுவீடன் அரசு இதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. வகுப்பறைகளை வேகமாகத் திரைமயமாக்கிய நாடு, 2023இல் 68.5 கோடி குரோனரை அச்சுப் பாடநூல்களுக்கு ஒதுக்கியது.

இ-இங்க் கருவியைத் தனியே எடுத்துச் சோதித்த ஆய்வுகள் குறைவு. நார்வேயின் ஆன் மாங்கனும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அதில் ஒன்று. 50 பேர், 28 பக்கத் துப்பறியும் கதை, பாதிப் பேருக்குக் கிண்டில், பாதிப் பேருக்குக் காகிதப் புத்தகம். கதையைப் புரிந்துகொண்டதில் இரு தரப்பும் சமம். எந்தச் சம்பவம் முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது காகிதத்தில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் இருக்கும் பக்கங்கள் தடித்து, வலது கையில் மெலிவதை விரல் அறிகிறது. அந்த அறிவு நினைவுக்கு ஒரு கொக்கியாகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ‘அந்த வரி இடப் பக்கத்தில் கீழே இருந்ததே’ என்று நாம் தேடிப்போவது இதனால்தான். இ-ரீடரில் இடமும் இல்லை, கீழும் இல்லை; எழுத்தளவை மாற்றினால் எல்லாம் நகர்ந்துவிடும்.

*

ஆங்கில வாசகருக்கு இத்தோடு பேச்சு முடிந்துவிடலாம். தமிழ் வாசகருக்கு இன்னொன்று பாக்கி இருக்கிறது. கருவி நன்றாகவே இருக்கட்டும். அதில் வரும் தமிழ் நன்றாக இருக்கிறதா?

நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு நாவலில் ‘ஸ்ரீ’ வர வேண்டிய இடத்திலெல்லாம் வெற்றுக் கட்டம் இருந்தது. நாயகன் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. முந்நூறு பக்கமும் தலையில்லாத பெயரோடு படித்தேன். பதிப்பகத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அடுத்த பதிப்பிலாவது சரிசெய்தார்களா என்று பார்த்தேன், இல்லை.

இது எங்கிருந்து வருகிறது என்பது பதிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நம் பதிப்பகங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேஜ்மேக்கரில் தனித்தனி எழுத்துருக்களை வைத்து நூல்களை வடிவமைத்தன. ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தனித் தீவு. ஓர் எழுத்துருவில் ‘அ’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ழ’ இருக்கும். தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றதே 2010இல்தான். அந்தப் பழைய கோப்புகளை மாற்றி மின்னூலாக்கும்போது எழுத்துகள் உதிர்கின்றன. அச்சில் ஒரு முறை மெய்ப்புப் பார்த்தாயிற்றே என்று மின்பதிப்புக்கு யாரும் மறுபடி மெய்ப்புப் பார்ப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழை இன்னும் மோசம். ‘கௌரவம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கௌ’ என்பது ஒரே எழுத்து. பலர் அதைக் ‘கெ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டெழுத்தாகத் தட்டிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நூலுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. கருவியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் ‘கெளரவம்’ என்று ளகரத்தை அழுத்திச் சொல்லும். ‘ஔவை’ ‘ஒளவை’ ஆவதும் இதே கதை. கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்துகிடப்பதும், பழைய நூல்களை ஒளியுணரி மூலம் எழுத்தாக்கும்போது ‘எ’யும் ‘ஏ’யும் இடம் மாறுவதும் எண்ணிக்கையில் அடங்காது. மின்னூலின் பெரிய பலமே தேடும் வசதிதான். பிழையான எழுத்தின்மேல் அந்தப் பலம் நிற்காது.

அகராதி வசதியும் அப்படித்தான். ஆங்கிலச் சொல்லை விரலால் அழுத்தினால் பொருள் வந்து நிற்கிறது. தமிழில் ‘நடந்துகொண்டிருந்தவர்களிடம்’ என்ற சொல்லை அழுத்தினால் ஒன்றும் வராது. அதற்குள் இருக்கும் ‘நட’வைப் பிரித்தெடுக்க அகராதிக்குத் தெரிய வேண்டும். இதைச் செய்யும் ஆய்வுகள் பல்கலைக்கழகங்களில் நடந்திருக்கின்றன. வாசகன் கையில் இருக்கும் கருவிக்குள் வரவில்லை.

கவிதையிலும் உரைநூலிலும் சிறு திரை தோற்றுப்போகிறது. வெண்பாவின் கடைசி அடி மூன்று சீரோடு நிற்கும். அந்தக் குறுகல்தான் அதன் முடிப்பு. ஆறு அங்குலத் திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் நான்கு சீர் அடிகள் எல்லாம் மடங்கி விழுந்து, எது அடி, எது மடிப்பு என்று தெரியாமல் போகும். மூலம் மேலே, உரை கீழே, பாடபேதம் அடிக்குறிப்பில் என்று மூன்று அடுக்கில் கண் ஓட வேண்டிய சங்கநூல் பதிப்பை இ-ரீடரில் படித்துப் பார்த்துக் கைவிட்டவன் நான். அவற்றுக்கு விரித்து வைத்த புத்தகம்தான் வேண்டும். குழந்தைகளின் படக்கதைகளுக்கும் அதே தீர்ப்புத்தான். வண்ண இ-இங்க் வந்துவிட்டது. ஆனால் அதன் நிறம் இன்னும் துவைத்து வெளுத்த சேலையின் நிறம்.

பழைய நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப்களை இ-ரீடரில் ஏற்றிப் படிக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். அது பக்கத்தின் படம். எழுத்தளவை மாற்ற முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் பெருக்கி, இழுத்து, நகர்த்திப் படிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பத்து அங்குலத் திரை வேண்டும். இ-இங்க்கில் அந்த அளவு வாங்கினால் விலை மிகவும் ஏறிவிடும்.

பிறகு எதற்குத்தான் இது நல்லது என்று கேட்கலாம். நீண்ட உரைநடைக்கு நல்லது. நாவல், தன்வரலாறு, பயணக்கதை. ‘பொன்னியின் செல்வன்’ அச்சில் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகிறது. 200 கிராம் எடையுள்ள கருவியில் ஐந்து பாகங்களும் அடங்குகின்றன. படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் தமிழருக்கு, புத்தக விலையை விடத் தபால் செலவு கூடுதலாகும் தொல்லை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளெழுத்து வந்தவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இது இழந்ததைத் திருப்பித் தருகிறது. முற்றிலும் பார்வையற்றவர்களுக்கு எழுத்துருவில் இருக்கும் மின்னூல் குரலாகவும் பிரெயிலாகவும் மாறும். பதிப்புரிமை அவர்களுக்குத் தடையாக நிற்கக் கூடாது என்று 2013இல் மராகேஷில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. அதை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014 ஜூனில். இந்த ஒரு பயனுக்காகவே தமிழ்ப் பதிப்பகம் ஒவ்வொன்றும் நல்ல மின்பதிப்பு வெளியிட வேண்டும் என்பேன். அச்சு நூல் மட்டும் போதும் என்று சொல்லும் நண்பர்கள், படிக்க முடியாமல் போன ஒருவரின் மாலை நேரம் எப்படிக் கழிகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

*

இனி மூன்றாவது கேள்வி.

கடையில் புத்தகம் வாங்கினால் அது உங்களுடையது. படிக்கலாம், கோடு போடலாம், தரலாம், விற்கலாம், மகளுக்கு விட்டுச் செல்லலாம். திருவல்லிக்கேணி நடைபாதையிலும், 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டிலும் பழைய புத்தகம் கைமாறி வாழ்ந்தது இந்த உரிமையால்தான். ஏழை மாணவர்கள் எத்தனை பேர் அந்த நடைபாதையில் படிப்பாளி ஆனார்கள்! பெரிய கடைகளில் மின்னூலுக்குப் பணம் கட்டும்போது நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டும். பொத்தானில் ‘வாங்கு’ என்று எழுதியிருக்கும். விதிமுறைகளில் உரிமம் என்று எழுதியிருக்கும்.

இது வெறும் சட்டச் சொல் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2009 ஜூலையில் தெளிவாயிற்று. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் சில கிண்டில் பதிப்புகள், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாசகர்களின் கருவிக்குள்ளிருந்தே அழிக்கப்பட்டன. பணம் திரும்ப வந்தது. ஒரு மாணவர் அந்த நூலில் தன் பாடத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள் எந்த வரிக்கு உரியவை என்று தெரியாமல் பயனற்றுப் போயின. அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2019 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கியவர்களின் நூல்கள் அத்தோடு திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பக் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரி 26க்குப் பிறகு, வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் நின்றது. கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளப் பலருக்கும் இருந்த வழி அது.

மூன்று சம்பவத்திலும் பணம் யாருக்கும் பெரிதாகப் போகவில்லை. போனது, ‘இந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது’ என்று சொல்லும் உறுதி.

படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத மின்னூலும் உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில் நிறையவே உண்டு. 1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் முன்நின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து கொடுத்த நூல்களால் வளர்ந்தது. சங்க இலக்கியம் முதல் கல்கி வரை அதில் இலவசம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேல், தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக விக்கிமூலத்துக்கு வந்தன. 1949இல் பாரதியின் எழுத்தைப் பொதுச்சொத்தாக்கத் தொடங்கிய மரபின் தொடர்ச்சி அது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு ஆனால் அவர் நூல் எல்லோருக்கும் பொது. ஆகவே கடைப்பக்கமே போகாமல் ஓர் இ-ரீடரை ஆயுள் முழுக்கத் தமிழால் நிரப்பலாம். பெரியம்மாவுக்கு நான் ஏற்றிக்கொடுத்தது அத்தனையும் இப்படி வந்ததுதான். கோப்பு வடிவத்தை மாற்றிக்கொள்ள காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும்.

*

தாள் நிலையானது, மின்கோப்பு மறைந்துபோவது என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பனையோலை சில நூறு ஆண்டுகளே தாங்கும். செல்லரிக்கும், ஒடியும். ஒரு தலைமுறை படியெடுத்து வைத்தால் அடுத்த தலைமுறைக்கு நூல் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட குடும்பங்கள் நம்மிடம் இருந்தன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, ஏடுகளை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அவர் தேடிப்போகாத வீடுகளில் என்னென்ன இருந்து அழிந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தமிழில் அச்சு 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூலோடு வந்துவிட்டது. அதன் பிறகும் முந்நூறு ஆண்டுகள் சங்கநூல்கள் ஓலையிலேயே கிடந்தன. புதிய தொழில்நுட்பம் வந்தால் பழைய நூல் தானாக அதில் ஏறிக்கொள்ளாது. யாராவது ஏற்ற வேண்டும்.

காகிதமும் ஓலையின் தம்பிதான். மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம் அதை உள்ளிருந்தே தின்கிறது. 1930, 40களில் மலிவுத் தாளில் அச்சான நாவலைத் திறந்து பாருங்கள்; பக்கம் புரட்டும் இடத்தில் துண்டு துண்டாக உதிரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டு அலமாரிகள் கூழாயின! யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாதவை அவற்றில் இருந்தன. அந்த மண்ணின் எழுத்துகளைத் தேடித்தேடி மின்வடிவில் சேர்க்க 2005இல் எழுந்த ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் காத்துவைத்திருக்கிறது. எரிக்க முடியாதபடி பல இடங்களில் பிரதி வைக்கலாம் என்பதுதான் அதன் பலம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் பழைய அச்சு நூல்களை நுண்படமாகவும் மின்படமாகவும் எடுத்துவருகிறது. எத்தனையோ ஆய்வாளர்கள் அந்தப் படங்களை வைத்துத்தான் எழுதுகிறார்கள்.

மின்கோப்புக்கும் செல்லரிப்பு உண்டு. மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள் பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்தன. யூனிகோடு பரவியதும் தன்னார்வலர்கள் அத்தனையையும் மாற்றினார்கள். பதினைந்து ஆண்டுக்கு முந்திய தன் டிடிபி கோப்பைத் திறக்க முடியாமல், அச்சான புத்தகத்தை ஸ்கேன் செய்து மறுபதிப்புப் போட்ட பதிப்பாளர்களை எனக்குத் தெரியும். ஓலைக்குச் சில நூறு ஆண்டு அவகாசம் இருந்தது. கோப்புக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுதான்.

இந்த இடத்தில்தான் பூட்டுப் போட்ட மின்னூல் எனக்கு அச்சம் தருகிறது. ஓலையைப் படியெடுக்கலாம். தாளை நகலெடுக்கலாம். பூட்டிய கோப்பைப் படியெடுக்க வாசகருக்கு வழியில்லை. தமிழில் இப்போது அச்சுக்கே வராமல் மின்னூலாக மட்டும் வெளியாகும் நாவல்கள் ஏராளம்; பதிப்பாளரைத் தேடி அலையாமல் எழுதுகிறவரே கிண்டில் கடையில் நேரே வெளியிட வழி இருக்கிறது. அச்சில் பொதுவாகப் பத்துச் சதவீதம் உரிமத்தொகை பார்த்த எழுத்தாளருக்கு அங்கே 35 அல்லது 70 சதவீதம் கிடைக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். முக்கியமாக வீட்டிலிருந்தே எழுதும் பெண்கள் பலர் அதனால் வாசகர்களைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த நூல்களின் ஒரே பிரதி ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. கணக்கு முடக்கப்பட்டாலோ, எழுத்தாளர் மறைந்து குடும்பத்தாருக்குக் கடவுச்சொல் தெரியாமல் போனாலோ, அந்த நூல் எங்கே கிடைக்கும்?

சட்டமும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வோர் அச்சு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். அச்சிட்ட நூலை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. வரியிலும் அதே பார்வை. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு 18 சதவீதமாக இருந்ததை 2018 ஜூலையில் 5 ஆகக் குறைத்தபோது, அச்சிலும் வந்த நூலின் மின்பதிப்புக்கு மட்டும்தான் அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள்.

*

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. வீட்டில் அறுபதைத் தாண்டிய வாசகர் இருந்தால் யோசிக்காமல் ஓர் இ-ரீடர் வாங்குங்கள். நல்ல கருவி பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், அவருக்கு அது தகும். நாவல் அதிகம் படிப்பவர், அடிக்கடி பயணம் போகிறவர், வெளிநாட்டில் இருப்பவர், இவர்களுக்கும் தகும். ஆண்டுக்கு நான்கு புத்தகம் படிக்கிறவர் அந்தப் பணத்துக்குப் புத்தகக் காட்சியில் புத்தகமே வாங்கலாம். தேர்வுக்குப் படிப்பவர், கவிதையும் உரைநூலும் படிப்பவர், சிறு பிள்ளைகள் ஆகியோருக்குத் தாள்தான். மின்னூலாகப் படித்ததில் மறுபடி படிக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றும் நூலை அச்சிலும் ஒரு பிரதி வாங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நூல் இப்படி வீட்டுக்கு வருகிறது.

பதிப்பாளர்களிடம் கேட்பது, மின்பதிப்புக்கும் ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள், முடிந்தால் பூட்டில்லாத கோப்பாக விற்கவும் செய்யுங்கள். மின்னூலாக மட்டும் எழுதுகிறவர்களிடம் கேட்பது, பத்துப் பிரதியாவது அச்சிடுங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டது. பத்தும் இருபதும் அடிக்க முடியும். அதில் ஒன்றைக் கன்னிமாராவுக்கு அனுப்பிவையுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் புத்தகப் பெட்டி இருந்தால், இந்தக் கோடை விடுமுறையில் அதை ஒரு முறை இறக்கிப் பாருங்கள். பெரியம்மாவின் பரணில் அவர் தைத்துவைத்த தொடர்கதைத் தொகுப்புகளோடு, 1940களில் அச்சான மூன்று சிறுநூல்கள் கிடைத்தன. ஒன்றின் அட்டை கையிலேயே உதிர்ந்தது. மூன்றையும் துணியில் சுற்றிச் சென்னைக்கு எடுத்துவந்திருக்கிறேன், ஸ்கேன் செய்யக் கொடுப்பதற்கு.